கீழே சுவர் ஓரிடம், மேலே சுவர் வேறிடம்: குறுகிய மனையில் மாடி கட்டுவது பற்றி

கேள்வி: எங்கள் மனை 6.1 மீட்டர் அகலம், 18.3 மீட்டர் நீளம். 22 ஆண்டுகளுக்கு முன் கட்டிய தரைத்தள வீட்டின் வெளி அளவு 4.3 மீட்டர் அகலம், 11 மீட்டர் நீளம். இடப்பக்கம் 80 செ.மீ., வலப்பக்கம் 1 மீட்டர் காலியிடம் இருக்கிறது. மேலே இரண்டு படுக்கையறை, ஒரு படிப்பறை, ஒரு குளியலறை கட்ட நினைக்கிறோம். இப்போதைய விதிப்படி தரைத்தளத்துக்குப் பக்கவாட்டில் 90 செ.மீ., மாடிக்கு இரு பக்கமும் 1.5 மீட்டர் செட்பேக், அதாவது மனை எல்லையிலிருந்து காலியிடம், விடவேண்டும் என்று நகராட்சியில் சொல்கிறார்கள். எங்களுடையது ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். நான்கு மூலைகளில் மட்டும் தூண் உண்டு. பின்னாளில் மாடி எழுப்புவதற்காக அவற்றில் கம்பி நீட்டி விட்டிருக்கிறார்கள். மேஸ்திரியோ, “இந்தச் சுவர் இன்னும் இரண்டு மாடி தாங்கும், அப்படியே மேலே ஏற்றிவிடலாம், நகராட்சியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்கிறார். வலப்பக்க வீட்டாரின் சுவரில் ஒரு குளியலறை வென்டிலேட்டர் மட்டும் இருக்கிறது. இடப்பக்க வீட்டில் இரண்டு படுக்கையறை ஜன்னல்கள் எங்களைப் பார்த்திருக்கின்றன. இட நெருக்கடியால் படிக்கட்டை வலப்பக்கக் காலியிடத்தில் வெளியே வைக்கலாமா? வயதான அம்மா உடன் இருக்கிறார். வேலை முடியும்வரை வேறு வீட்டுக்குப் போக வழியில்லை. என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு, அளவுகளை இவ்வளவு தெளிவாக எழுதி அனுப்பியதற்கு முதலில் நன்றி. “சின்ன வீடு, மாடி கட்டலாமா?” என்று ஒரே வரியில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வழியில்லை. உங்களுக்குச் சொல்ல முடியும். மாடி கட்டலாம். நீங்கள் கேட்ட நான்கு அறைகளும் வராது. உங்கள் மேஸ்திரி சொல்லும் முறையில் கட்டவும் கூடாது.

கணக்கிலிருந்து தொடங்குவோம். 6.1 மீட்டரில் இரு பக்கமும் ஒன்றரை மீட்டர் கழித்தால் மாடியின் வெளி அகலம் 3.1 மீட்டர். ஒன்பது அங்குலச் சுவர், அதாவது 23 செ.மீ., இரு பக்கமும் எழுப்பினால் உள்ளே மிஞ்சுவது 2.64 மீட்டர். பூச்சு அதிலும் கொஞ்சம் தின்னும். இந்த எண்ணைப் பார்த்ததும் எல்லோரும் கவலைப்படுவது அறை குறுகிவிட்டதே என்றுதான். அதைவிடப் பெரிய விஷயம் வேறு. உங்கள் மாடியின் இடச்சுவர் கீழ்ச்சுவரின் வெளிமுகத்திலிருந்து 70 செ.மீ. உள்ளே நிற்கப்போகிறது, வலச்சுவர் 50 செ.மீ. உள்ளே. இரண்டுக்கும் அடியில் சுவர் கிடையாது. தரைத்தளத்தின் கூரைத் தளம் மட்டுமே இருக்கிறது.

மேஸ்திரி சொன்னதில் பாதி உண்மை உண்டு. நல்ல செங்கல்லும் நல்ல கலவையும் கொண்ட ஒன்பது அங்குலச் சுவர், அடியில் அஸ்திவாரம் சரியாக இருந்தால், ஒரு மாடியைத் தாராளமாகத் தாங்கும். ஆனால் விதிப்படி கட்டினால் மாடியின் பக்கச் சுமை அந்தச் சுவர்மீது நேராக இறங்கவே போவதில்லை. மூலைத் தூண்களில் நீட்டிவிட்ட கம்பிகளுக்கும் இதே கதிதான். வீட்டைக் கட்டியவர் நல்ல எண்ணத்தோடுதான் விட்டிருக்கிறார். அவர் விட்ட இடங்கள் 4.3 மீட்டர் அகல வீட்டின் மூலைகள். உங்கள் மாடியின் மூலைகள் அங்கே வரப்போவதில்லை. போதாக்குறைக்கு 22 ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் நின்ற கம்பி அது. துரு எவ்வளவு தின்றிருக்கிறது, மீதியுள்ள குறுக்களவு என்ன என்று அளந்து பார்க்காமல் அதில் புதுக் கம்பியைக் கட்டக் கூடாது. அந்தக் கம்பிகளை நம்பித் திட்டம் போடாதீர்கள். பயன்பட்டால் லாபம், அவ்வளவுதான்.

மாடிச் சுவரை நேராகத் தளத்தின் மீதே கட்டினால் என்ன ஆகும்? ஒன்பது அங்குலச் சுவர் மூன்று மீட்டர் உயரம் என்றால், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 1.3 டன், பூச்சோடு சேர்த்தால் ஒன்றரை டன் நெருங்கும். அதற்கு மேல் மாடியின் கூரை. மொட்டை மாடிக்கென்று வார்த்த தளம் ஆட்கள் நடமாடுவதையும் மேலே பதித்த ஓடுகளையும் தாங்கும் கணக்கில் வார்க்கப்பட்டது. ஒரே கோட்டில் நீளமாக உட்காரும் இவ்வளவு சுமை அந்தக் கணக்கில் இருந்திருக்காது. தளம் உடனே விழுந்துவிடாது; மெல்லத் தொய்யும், அடிப்பக்கம் கோடுவிடும், மாடிச் சுவரில் மூலைக்கு மூலை விரிசல் ஓடும். பூசிப் பூசி மறைத்துக்கொண்டே இருப்பீர்கள்.

ஆகவே வீட்டின் அகலவாக்கில், இப்போதுள்ள இரு பக்கச் சுவர்கள் மீதும் தாங்கும்படி, குறுக்குப் பீம்கள் வேண்டும். மாடிச் சுவர் இந்தப் பீம்கள் மீது ஏறும். பீம்கள் அந்தச் சுமையைப் பக்கச் சுவர்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். இதில் உங்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. மாடிச் சுவர்கள் தாங்குமுனைகளுக்கு வெகு அருகில் வருகின்றன. பீமின் நடுவில் இதே சுமை வந்தால் வளைவு பல மடங்கு கூடி, பீமும் மிகத் தடிமனாகிவிடும். உங்கள் அளவுகளில் சாதாரண ஆழமுள்ள பீமே போதுமானதாக அமைய வாய்ப்பு அதிகம். ஆனால் பீமின் முனை சுவரில் உட்காரும் ஒவ்வொரு இடத்திலும் சுமை ஒரே புள்ளியில் குவியும். செங்கல் அங்கே நசுங்காமலிருக்க அடியில் கான்கிரீட் தாங்குகட்டை வார்க்க வேண்டும். ஜன்னலுக்கு மேலே பீம் முனை வந்தால், அதைத் தாங்க லிண்டல், அதாவது ஜன்னல் தலைக்கு மேலுள்ள சிறு விட்டம், போதாது. பீமை நகர்த்த வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே தரைத்தளத்தின் கதவு, ஜன்னல் இருக்கும் இடங்களை அளந்து வரைந்துவிட்டுத்தான் மாடி வரைபடத்தைத் தொடவேண்டும்.

பீமைத் தளத்துக்கு அடியில் கொடுத்தால் கீழ்வீட்டின் தலையிடம் குறையும், கீழே குடியிருந்தபடி வேலை செய்வதும் பெரும்பாடு. உங்கள் நிலைமைக்குத் தளத்துக்கு மேலே நிற்கும் தலைகீழ்ப் பீம்தான் பொருத்தம். புதுத் தரையை அந்தப் பீம்களுக்கு மேல் தனியாகப் போட்டுக்கொள்ளலாம். இடையில் கிடைக்கும் இடைவெளியில் குளியலறைக் குழாய்களையும் ஓட்டிவிடலாம். அதற்கு விலை உயரம். மாடித் தரை 25 செ.மீ. அளவுக்கு எழும்பும், படிக்கட்டில் ஒன்றிரண்டு படி கூடும், வீட்டின் மொத்த உயரமும் கூடும். பல ஊர்களின் விதிகளில் சுவர் உயர உயரச் செட்பேக்கும் கூடும். வேறு சிலவற்றில் எல்லைக்கோட்டிலிருந்து சாய்வாக ஒரு கற்பனைக் கோடு இழுத்து, அதைத் தாண்டி எதுவும் நீட்டக் கூடாது என்பார்கள். உங்கள் நகராட்சி சொன்ன ஒன்றரை மீட்டர் எந்த உயரம் வரைக்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல்லை வைத்து 25 செ.மீ. விளையாட்டு ஆட முடியாது.

சுமையைக் குறைப்பதுதான் இதற்கெல்லாம் முதல் மருந்து. மாடிக்குச் செங்கல் வேண்டாம் என்பது என் அழுத்தமான கருத்து. காற்றேற்றிய இலகு கான்கிரீட் பிளாக்கில் 15 செ.மீ. தடிமன் வைத்தால் மீட்டருக்கு அரை டன் அளவில் நிற்கும். செங்கல் சுவரில் மூன்றில் ஒரு பங்கு. உள் அகலமும் 2.64 மீட்டரிலிருந்து 2.8 மீட்டராகும். குறுகிய வீட்டில் 16 செ.மீ. என்பது அலமாரிக் கதவு முழுதாகத் திறக்குமா திறக்காதா என்ற வித்தியாசம். எஃகுச் சட்டகத்தில் பலகை அடித்த சுவர் இன்னும் இலகு, இன்னும் மெல்லியது. ஆனால் ஒலித்தடுப்பும் வெப்பத்தடுப்பும் தனியாகக் கொடுக்க வேண்டும், அந்த வேலை தெரிந்த ஆட்களும் வேண்டும். கூரைக்கும் கான்கிரீட்தான் வேண்டும் என்றில்லை. வெப்பத்தடுப்போடு கூடிய இலகுக் கூரை சுமையை வெகுவாகக் குறைக்கும். மூன்றாவது தளம் என்ற எண்ணம் மனதின் மூலையில் இருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள்.

அஸ்திவாரத்தைப் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனால் மற்ற எல்லாமே அதைப் பொறுத்ததுதான். கட்டும்போது எடுத்த படமோ வரைபடமோ இருந்தால் தேடி எடுங்கள். இருந்தாலும் அதை மட்டும் நம்பவேண்டாம். இரு பக்கச் சுவர்களை ஒட்டியும் இரண்டு மூன்று இடங்களில் குழி தோண்டி, கடைக்கால் எவ்வளவு ஆழம் போகிறது, அடியில் எவ்வளவு அகலம் விரிகிறது, எந்த மண்ணில் உட்கார்ந்திருக்கிறது என்று பொறியாளர் கண்ணால் பார்க்க வேண்டும். அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டக் கூடாது, ஒரே நேரத்தில் நீளமாகத் திறந்து வைக்கவும் கூடாது. களிமண் என்றால் கூடுதல் கவனம் தேவை. ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கும் மண்ணில் பழைய விரிசல்களே நிறையச் சொல்லும். இப்போது வீட்டில் விரிசல் இருந்தால் வெள்ளையடித்து மறைத்துவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடாதீர்கள். நோயாளி மருத்துவரிடம் போவதற்கு முன் காய்ச்சலை மாத்திரை போட்டு அடக்குவது போன்றது அது.

கூரைத் தளத்தையும் சோதிக்க வேண்டும். சுத்தியல் போன்ற ஒரு கருவியால் கான்கிரீட்டின் மேற்பரப்பைத் தட்டி, அது எந்த அளவுக்குத் திருப்பி எறிகிறது என்று பார்க்கும் சோதனை மலிவானது, விரைவானது, தோராயமானது. சந்தேகம் வந்தால் சிறு உருளையாகத் துளைத்தெடுத்து நசுக்கிப் பார்ப்பார்கள். இன்னொரு எளிய சோதனை உண்டு. புதிதாக உடைத்த கான்கிரீட்டின் மீது பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால் காரத்தன்மை இருக்கும் இடம் இளஞ்சிவப்பாக மாறும். காற்றிலுள்ள கரியமில வாயு ஊடுருவிக் காரத்தை இழந்த பகுதி நிறம் மாறாது. அந்த நிறமற்ற பகுதி கம்பி வரைக்கும் போய்விட்டிருந்தால், துருவிலிருந்து கம்பிக்கு இருந்த இயற்கைப் பாதுகாப்பு போய்விட்டது என்று பொருள். அப்படியொரு தளத்தின் மீது மாடியை ஏற்றுவதற்கு முன் பழுதுபார்க்கும் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இனி, படிக்கட்டு. வலப்பக்கம் வெளியே வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். ஒரு மீட்டர் காலியிடத்தில் 90 செ.மீ. படிக்கட்டு வைத்தால் அங்கே மனிதர் நடக்க 10 செ.மீ. மிஞ்சும். அது ஒருபுறம் இருக்க, திறந்த படிக்கட்டையும் கட்டடத்தின் பகுதியாகவே கணக்கிட்டுச் செட்பேக்கில் அனுமதிக்காத நகராட்சிகள் உண்டு. ஆகவே அதை மறந்துவிடலாம். படிக்கட்டு உள்ளேதான்.

குறுகிய வீட்டில் படிக்கட்டை எங்கே வைக்கிறீர்கள் என்பதுதான் மாடியில் எத்தனை அறை என்பதைத் தீர்மானிக்கும். தளத்துக்குத் தளம் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 16.7 செ.மீ. உயரத்தில் 18 ஏற்றங்கள், 27 செ.மீ. அகலத்தில் 17 மிதிகள். நேராகப் போனால் 4.6 மீட்டர் ஓடும். நடுவில் திரும்பும் படிக்கட்டு என்றால் நீளம் குறையும், ஆனால் 1.9 மீட்டர் அகலம் கேட்கும், 2.8 மீட்டர் அகல மாடியில் அதன் பக்கத்தில் ஓர் ஒல்லியான நடைவழிதான் மிஞ்சும். அந்த நடைவழி எதற்கும் பயன்படாது. பலர் திரும்பும் படிக்கட்டுதான் இடம் மிச்சம் என்று நினைக்கிறார்கள். அகலமான வீட்டில் அது சரி. உங்கள் வீட்டில் நேர்ப் படிக்கட்டே மேல்.

நான் வரைந்து பார்த்தது இதுதான். முன்பக்கக் கூடத்தில், வாசலுக்கு அருகிலிருந்து தொடங்கி, வலச்சுவரை ஒட்டி நேராகப் பின்னோக்கி ஏறும் படிக்கட்டு. அது மேலே போய்ச் சேருமிடம் மாடியின் ஏறத்தாழ நடுப்பகுதி. அங்கே 90 செ.மீ. ஆழமுள்ள ஒரு சிறு முற்றம்போன்ற இடம். அதிலிருந்தே முன்னறைக்கும், பின்பக்கம் குளியலறைக்கும் அதை ஒட்டிய சிறு வழியில் பின்னறைக்கும் போகலாம். வீடு முழுக்க ஓடும் நடைவழி தேவையில்லை. குளியலறைக்கு ஒன்றரை மீட்டர் நீளம் கொடுத்தால், பின்னறை 2.8 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம் அமையும். ஒரு கட்டில், ஓர் அலமாரி, ஒரு மேசை போடப் போதும். முன்னறை படிக்கட்டின் பக்கத்தில் 4.6 மீட்டர் நீளத்துக்கு வரும். ஆனால் அதன் அகலம் உள்ளே 2.8 மீட்டரிலிருந்து படிக்கட்டும் தடுப்பும் போக 1.8 மீட்டர்தான். அதைப் படுக்கையறை என்று சொன்னால் எனக்கே மனது ஒப்பாது.

நகராட்சியிடம் சலுகை கேட்கவேண்டிய இடம் இதுதான். வலப்பக்கம் முழு 11 மீட்டருக்கும் செட்பேக்கைத் தளர்த்தச் சொல்லிக் கேட்காதீர்கள். படிக்கட்டு ஓடும் நீளத்துக்கு மட்டும், அதாவது சுமார் ஐந்தரை மீட்டருக்கு, மாடிச் சுவரை இப்போதுள்ள தரைத்தளச் சுவரின் கோட்டிலேயே எழுப்ப விலக்கு கேளுங்கள். எல்லையிலிருந்து ஒன்றரை மீட்டருக்குப் பதில் ஒரு மீட்டர். விட்டுக்கொடுக்கக் கேட்பது 50 செ.மீ. கிடைத்தால் முன்னறையின் அகலம் 2.3 மீட்டராகும். 4.6 மீட்டர் நீளத்தோடு சேர்த்துப் பார்த்தால் அது பத்து சதுர மீட்டரைத் தாண்டிய அறை. கூடவே, அந்தப் பகுதியில் மாடிச் சுவர் கீழ்ச்சுவரின் மேல் நேராக உட்காரும்; சுமைக்கும் அதுதான் நல்லது.

இந்த விலக்குக்கு உங்களிடம் நல்ல வாதங்கள் இருக்கின்றன. பக்கச் செட்பேக் விதி எதற்காக? பக்கத்து வீட்டுக்கு வெளிச்சமும் காற்றும் மறையாமல் இருக்க, அவர்களின் அந்தரங்கம் கெடாமல் இருக்க, தீ பரவாமல் இருக்க, தெருவிலிருந்து பார்க்கையில் வீடு பூதாகாரமாகத் தெரியாமல் இருக்க. படிக்கட்டுச் சுவரில் ஜன்னலே வேண்டியதில்லை. வெளிச்சத்தைக் கூரையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஜன்னல் இல்லாத சுவர், எதிரில் ஒரு வென்டிலேட்டர் மட்டும் உள்ள இன்னொரு சுவர். யாருடைய படுக்கையறையையும் அது எட்டிப் பார்க்கவில்லை. உங்கள் மாடியின் நிழல், ஆண்டில் சூரியன் மிகத் தாழ்வாகச் செல்லும் நாளில் காலை, நண்பகல், மாலை என எங்கெங்கே விழுகிறது என்று ஒரு நிழல் வரைபடம் போட்டு விண்ணப்பத்தோடு வையுங்கள். ‘இட நெருக்கடியால் கேட்கிறோம்’ என்ற வாதம் எந்த அலுவலரையும் அசைத்ததாக நான் பார்த்ததில்லை. எல்லோருக்கும்தான் இட நெருக்கடி. ‘விதியின் நோக்கம் இங்கே பழுதாகவில்லை’ என்பதைக் காட்டினால் கேட்பார்கள். இடப்பக்கத்தில் இப்படி ஒன்றும் கேட்காதீர்கள். அங்கே இரண்டு படுக்கையறை ஜன்னல்கள் இருக்கின்றன. கேட்டால் அதுவும் கிடைக்காது, இதுவும் போகும்.

விண்ணப்பத்துக்கு முன் வலப்பக்க வீட்டாரிடம் வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள். நகராட்சியின் கடிதம் மூலம் அவர்கள் முதன்முதலில் தெரிந்துகொண்டால், ஆட்சேபணை இல்லாதவருக்கும் ஆட்சேபணை முளைக்கும். அவர்கள் சம்மதம் தெரிவித்தால் எழுத்தில் வாங்கி இணையுங்கள். வேறொரு காரணத்துக்கும் அவர்கள் தயவு வேண்டும்: ஒரு மீட்டர் சந்தில் சாரம் கட்டிப் பூச்சு வேலை செய்யப்போகிறீர்கள். இடப்பக்கம் 80 செ.மீ. சந்து இன்னும் மோசம்.

எல்லை எது என்பதையும் இப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்ன 80 செ.மீ., 1 மீட்டர் எல்லாம் காம்பவுண்டுச் சுவரிலிருந்து அளந்தவை என்று நினைக்கிறேன். காம்பவுண்டுச் சுவர் எல்லையில்தான் நிற்கிறது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. நில அளவையரைக் கொண்டு அளந்து, எல்லைப் புள்ளிகளைக் குறித்து, வீட்டின் நான்கு மூலைகளும் எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்று வரைபடம் வாங்குங்கள். பழைய வீடுகள் மனைக்கு நேர்கோட்டில் நிற்பது அரிது. முன்பக்கம் ஒரு மீட்டர் இருந்து பின்பக்கம் 90 செ.மீ. ஆகச் சுருங்குவது சாதாரணம். எதிலிருந்து எதுவரை அளப்பார்கள் என்பதையும் கேளுங்கள். சில இடங்களில் சுவர்முகம் வரை. சில இடங்களில் கூரை விளிம்பு, சன்ஷேடு, மழைநீர்க் குழாய்கூடக் கணக்கில் வரும். ஏ.சி. இயந்திரத்தின் வெளிப்பெட்டியைச் சந்தில் தொங்கவிட்டு ஆய்வின்போது மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. தரைத்தளத்தின் இடப்பக்கம் 80 செ.மீ. மட்டுமே இருப்பது இப்போதைய விதிக்குக் குறைவு. அன்றைய விதிப்படி அனுமதி வாங்கிக் கட்டியதென்றால் பொதுவாக அதை இடிக்கச் சொல்லமாட்டார்கள். ஆனால் அந்தப் பழைய அனுமதிப் படிவம் உங்கள் கையில் இருக்க வேண்டும். புதிய விண்ணப்பம் போடும்போது பழைய கோப்பும் திறக்கும்.

மாடி உள்ளே தள்ளி நிற்பதால் இரு பக்கமும் வெளியே மிஞ்சும் தளத்துண்டுகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இடப்பக்கம் 70 செ.மீ., வலப்பக்கத்தின் பின்பாதியில் 50 செ.மீ. இந்த மாதிரி வீடுகளில் ஒழுகல் தொடங்கும் இடம் பெரும்பாலும் இதுதான். சுவரில் அடிக்கும் மழை அப்படியே வழிந்து, சுவரும் தளமும் சேரும் மூலையில் தேங்கி, நேரே உங்கள் கூடத்துச் சுவரில் இறங்கும். மாடிச் சுவரின் அடியில் குறைந்தது 15 செ.மீ. உயரத்துக்குக் கான்கிரீட் வரம்பு வார்த்து, அதன் மேல் பிளாக்கைத் தொடங்குங்கள். நீர்த்தடுப்புப் படலம் தளத்திலிருந்து அந்த வரம்பின் மேல்வரை மடங்கி ஏற வேண்டும். மூலையில் வளைவாகப் பூச வேண்டும். நூற்றுக்கு ஒன்றாவது சரிவு, ஒவ்வொரு பக்கமும் இரண்டு வடிகால் துளைகள். ஒன்று இலையால் அடைத்துக்கொண்டால் மற்றது காப்பாற்றும். அதைச் சுத்தம் செய்ய ஒருவர் போய்வர வழியும் வேண்டும். ஆனால் அந்தத் துண்டைப் பால்கனி என்று வரைபடத்தில் எழுதிவிடாதீர்கள். கூரை என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். பால்கனி என்றால் இடப்பக்கப் படுக்கையறையைப் பார்க்கும் பால்கனி ஆகிவிடும். இடப்பக்கம் ஜன்னல் வைத்தால் தரையிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு மேல், ஒளி வந்து உருவம் தெரியாத கண்ணாடியில் வையுங்கள். காற்றுக்கும் காட்சிக்கும் முன்சுவரும் பின்சுவரும் போதும்.

படிக்கட்டுக்காகத் தளத்தை வெட்டுவது பற்றி ஓர் எச்சரிக்கை. உங்கள் கூரைத் தளம் அகலவாக்கில் ஒரு பக்கச் சுவரிலிருந்து மறுபக்கச் சுவருக்குத் தாவி நிற்கும் தளமாகத்தான் இருக்கும். வலச்சுவரை ஒட்டி நீளமாக வெட்டினால், வெட்டிய நீளம் முழுக்கத் தளத்தின் ஒரு முனை அந்தரத்தில் நிற்கும். வெட்டுவாயின் ஓரத்தில் ஒரு நீளவாக்குப் பீம், அதன் இரு முனைகளையும் தாங்க முன்பு சொன்ன குறுக்குப் பீம்கள். இவை வந்து பலம் பெற்ற பிறகே வெட்டவேண்டும். வெட்டும்போது அடியில் முட்டுக்கொடுத்து, அறுக்கும் இயந்திரத்தால் வெட்டச் சொல்லுங்கள். சம்மட்டியால் அடித்துப் பிளந்தால் நிற்கவேண்டிய பகுதியிலும் விரிசல் விழும்.

இந்த வெட்டு வேலையைக் கடைசிக்குத் தள்ளிவைப்பதுதான் உங்கள் குடியிருப்புப் பிரச்சினைக்கும் விடை. மாடிச் சுவர், கூரை, நீர்த்தடுப்பு எல்லாம் முடியும்வரை ஆட்கள் வெளிச்சாரத்தில் ஏறி இறங்கட்டும். கீழே நீங்கள் இருக்கலாம். மேலே கூரை மூடிய பிறகு தளத்தை வெட்டினால் மழை உள்ளே வராது. ஆனால் குறுக்குப் பீம்கள் வார்க்கும் நாட்களிலும், வெட்டும் நாட்களிலும் அம்மாவை உறவினர் வீட்டில் வைத்திருங்கள். பீம்முனைகளுக்குச் சுவரைத் துளைக்கும்போது எழும் தூசியும் அதிர்வும் வயதானவர்களுக்கு ஆகாது. முட்டுக்கொடுத்த அறையில் யாரும் படுக்கவும் கூடாது.

விலக்கு கிடைக்காவிட்டால்? மாடியில் ஒரு படுக்கையறை, ஒரு குளியலறை, படிக்கட்டை ஒட்டி 1.8 மீட்டர் அகலத்தில் ஒரு நீளமான படிப்பறை. அதற்காக இவ்வளவு பீமும் செலவும் தகுமா என்பதை நீங்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். முன்பக்கக் காலியிடம் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. மொத்த நீளத்தில் வீடு போக 7.3 மீட்டர் முன்னும் பின்னுமாக இருக்கிறது. பின்பக்கச் செட்பேக்குக்கு வேண்டியதை விட்டு மீதமிருந்தால், தரைத்தளத்திலேயே பின்னால் ஓர் அறை சேர்ப்பது மாடியைவிட மலிவாகவும் எளிதாகவும் முடியும். தரைத்தளத்துக்குச் செட்பேக் 90 செ.மீ.தான் என்பதால் அந்த அறை மாடியறையைவிட அகலமாகவும் இருக்கும். அதைப் பழைய வீட்டோடு இறுகக் கட்டாமல், நடுவில் ஒரு பிரிப்பு இணைப்பு, அதாவது இரண்டும் தனித்தனியே அசைய ஒரு சிறு இடைவெளி, விட்டுக் கட்டவேண்டும். புது அஸ்திவாரம் முதல் சில ஆண்டுகளில் கொஞ்சம் அமரும், பழையது அமர்ந்து முடித்தது. படிக்கட்டு இல்லாத அறை என்பதால் அம்மாவுக்கும் அது வசதி. மாடியில் பாதி நீளத்துக்கு மட்டும் கட்டிவிட்டு மீதியைப் பிறகு பார்க்கலாம் என்ற யோசனை வந்தால், பொறியாளரைக் கேட்காமல் இறங்காதீர்கள். சுமை ஏறிய பாதி ஒரு மாதிரியும் ஏறாத பாதி வேறு மாதிரியும் அமர்ந்தால், நடுவில் சுவர் பிளக்கும்.

“நகராட்சியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்ற பேச்சுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. இடிக்கச் சொல்லும் உத்தரவு மேஸ்திரி பெயருக்கு வராது, உங்கள் பெயருக்கு வரும். வங்கிக் கடன், காப்பீடு, நாளை வீட்டை விற்பது, மூன்றிலும் அனுமதி வரைபடத்தைக் கேட்பார்கள். இந்த ஆலோசனையைச் சொன்னவரிடம் சுவரை எழுப்பும் வேலையைக் கொடுக்கலாம். சுமையைக் கணக்கிடும் வேலையைக் கொடுக்க வேண்டாம்.

நில அளவைக்கும் அஸ்திவாரக் குழிக்கும் ஆகும் செலவு, மொத்தச் செலவோடு பார்த்தால் சிறியது. முழு வரைபடத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் அவை இரண்டையும் முடித்துவிடுங்கள். குழியில் கடைக்கால் வெறும் அரை மீட்டர் ஆழத்தில் முடிந்து, அடியில் களிமண் தெரிந்தால், நான் மேலே எழுதிய மாடியை விட்டுவிட்டுப் பின்பக்க அறைக்கே போய்விடுங்கள். நல்ல ஆழமும் கெட்டி மண்ணும் தெரிந்தால், தரைத்தளத்தின் கதவு ஜன்னல் அளவுகளையும் பொறியாளரின் சோதனை அறிக்கையையும் எனக்கு அனுப்புங்கள். குறுக்குப் பீம்கள் எந்தெந்த இடத்தில் வரலாம் என்று அதை வைத்துப் பேசலாம்.